நர்சிங் முதல் வருஷம் படிக்கிறப்பவே எம்.பி.பி.எஸ். பக்கம் திரும்பணும்னா என்ன வழி?

அரிசிலாறு

எல்லாருக்கும் வணக்கம். தங்கச்சி கும்பகோணம் பக்கத்துல ஒரு தனியார் காலேஜ்ல பி.எஸ்சி. நர்சிங், இப்ப இரண்டாம் செமஸ்டர். பிளஸ் டூ மாநிலப் பாடத்திட்டம், உயிரியல்-கணக்கு குரூப், தமிழ் வழி. பிசி வகுப்பு. எம்.பி.பி.எஸ்.தான் வேணும்னு நிக்குது. நர்சிங்ல படிச்சது ஏதாவது அங்க கழியுமா? காலேஜை விட்டுட்டு நீட்டுக்குப் படிக்கணுமா, இல்ல இருந்துகிட்டே எழுதலாமா? ஒரிஜினல் சர்ட்டிபிகேட் எல்லாம் காலேஜ்ல இருக்கு. ஊர்ல ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. "நர்சிங் முடிச்சா நேரா ரெண்டாவது வருஷத்துல சேர்த்துப்பாங்க"ன்னு ஒருத்தர் அடிச்சுச் சொல்றார். விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

வெண்ணாறு

தம்பி, அந்த "நேரா ரெண்டாவது வருஷம்" பேச்சை முதல்ல தூக்கி ஓரமா வைங்க. பாலிடெக்னிக் முடிச்சவங்க இன்ஜினியரிங்ல ரெண்டாம் வருஷம் சேர்ற வழி எம்.பி.பி.எஸ்.ஸுக்குக் கிடையாது. நர்சிங், பி.பார்ம், பிசியோ எதை முடிச்சிருந்தாலும் நீட் எழுதி, கவுன்சலிங் வந்து, முதல் வருஷம் முதல் வகுப்புலேருந்துதான் தொடங்கணும். நர்சிங்ல அனாட்டமி, பிசியாலஜி பாஸ் பண்ணினதுக்கு அங்க ஒரு மணி நேரம்கூட தள்ளுபடி இல்லை. "பணம் கட்டுங்க, மாத்தி விடறோம்"னு எவனாவது வந்தா அது மோசடி, பேச்சையே வளர்க்காதீங்க.

தகுதியைப் பார்ப்போம். நீட் எழுத நர்சிங் மார்க் தேவையே இல்லை, பிளஸ் டூதான் அடிப்படை. இயற்பியல், வேதியியல், உயிரியல் மூணையும் சேர்த்து பொதுப்பிரிவுக்கு 50 சதவீதம், பிசி, எம்பிசி, எஸ்சி, எஸ்டிக்கு 40 சதவீதம் வேணும். சேர்ற வருஷம் டிசம்பர் 31-க்குள்ள 17 வயசு முடிஞ்சிருக்கணும். உச்ச வயசு வரம்பை 2022-லேயே எடுத்துட்டாங்க. எத்தனை தடவை எழுதலாம்னும் வரம்பு இல்லை. அதனால "இப்ப விட்டா வயசு போயிடும்"ங்கிற பதற்றத்துல முடிவெடுக்க வேண்டாம்.

வேற படிப்புல இருந்துகிட்டே விண்ணப்பிக்கலாம், காலேஜ் அனுமதிக் கடிதம் எதுவும் கேட்க மாட்டாங்க. 2025-ல விண்ணப்பக் கட்டணம் பொதுப்பிரிவுக்கு 1700, ஓபிசிக்கு 1600, எஸ்சி, எஸ்டிக்கு 1000 ரூபாய்.

நம்ம பக்கம் நிறைய பேர் சிக்கிக்கிற இடம் பேரு. பத்தாவது மார்க் ஷீட்ல "எஸ். கவிதா"ன்னு இருக்கும், ஆதார்ல அப்பா பேரு விரிவா இருக்கும். விண்ணப்பம் திறக்கிறதுக்கு ரெண்டு மாசம் முன்னாடியே ஆதாரை பத்தாவது சான்றிதழோட ஒத்துப் பாத்து, தேவைன்னா திருத்திடுங்க. கடைசி வாரத்துல ஆதார் மையத்துல போய் நின்னா வேலைக்காகாது.

கோரையாறு

நர்சிங் பாடம் சொல்லித் தர்ற இடத்துலேருந்து பேசறேன். "நர்சிங் படிச்சா நீட் உயிரியல் சுலபம்"னு பிள்ளைங்க நம்பி வர்றாங்க. அது பாதிதான் உண்மை.

முதல் ரெண்டு செமஸ்டர்ல அவங்க படிக்கிறது உடற்கூறு, உடலியங்கியல், சமூகவியல், உளவியல், உயிர்வேதியியல், உணவியல், நர்சிங் அடிப்படை. மூணாவதுல நுண்ணுயிரியல், மருந்தியல், நோய்க்குறியியல் வரும். நீட்ல உயிரியல் 90 கேள்வி. அதுல மனித உடலியங்கியல், இனப்பெருக்கம், நோயும் ஆரோக்கியமும் எல்லாம் சேர்த்து ஒரு பகுதிதான் தேறும். மீதி தாவர வகைப்பாடு, தாவர உடலியங்கியல், செல், மரபியல், பரிணாமம், உயிரித்தொழில்நுட்பம், சூழலியல். இதுல பெரும்பகுதி நர்சிங் வகுப்புல காதுல விழவே விழாது.

தெரிஞ்ச பகுதியிலயும் ஒரு கண்ணி இருக்கு. வார்டுல பழகின எண் வேற, நீட்டுக்கு அடிப்படையான என்சிஇஆர்டி (மத்தியப் பாடநூல்) புத்தகத்துல இருக்கிற எண் வேற. வெள்ளையணு இயல்பு அளவு நமக்கு 4,000 முதல் 11,000. என்சிஇஆர்டியில ஒரு கன மில்லிமீட்டருக்கு 6,000 முதல் 8,000. தட்டணு லேப் ரிப்போர்ட்ல ஒன்றரை லட்சத்துலேருந்து நாலரை லட்சம் வரை. புத்தகத்துல மூணரை லட்சத்தோட நிக்குது. மூச்சு நிமிஷத்துக்கு 12 முதல் 20-ன்னு சார்ட் போட்ட கை, புத்தகத்துல 12 முதல் 16-ன்னு இருக்கிறதைக் கவனிக்காது. தேர்வுல புத்தக எண்ணுக்குத்தான் மார்க். நர்சிங் பிள்ளைங்க "எனக்குத் தெரியுமே"ன்னு அத்தியாயத்தைத் தாண்டிப் போறதால மார்க் விடறது இங்கதான். இதுக்கு வழி ஒண்ணுதான். உடலியங்கியல் அத்தியாயம் ஒவ்வொண்ணுலயும் வர்ற எண்களை மட்டும் தனி நோட்டுல எழுதி, பக்கத்துல வார்டு எண்ணையும் எழுதி வைக்கணும். ரெண்டும் கண்ணு முன்னாடி இருந்தாத்தான் குழப்பம் தீரும்.

இன்னொண்ணு, 2024 தேர்வுலேருந்து பாடத்திட்டத்தைச் சுருக்கிட்டாங்க. செரிமானம் முழுசா போச்சு, உணர்வு உறுப்புகளும் இல்லை. நர்சிங்ல நல்லா படிச்ச பகுதியாச்சேன்னு அதுல நேரம் செலவழிக்காதீங்க. அதே சமயம் புதுசா சேர்ந்ததும் உண்டு. மால்வேசி, குருசிஃபெரே, லெகுமினோசே, காம்போசிட்டே, கிராமினே குடும்பங்கள் பாடத்திட்டத்துல இருக்கு, புது என்சிஇஆர்டி பதிப்புல இல்லை. வேதியியல்ல 15 முதல் 18-வது தொகுதி தனிமங்களும் அப்படித்தான், புத்தகத்துலேருந்து எடுத்துட்டாங்க, பாடத்திட்டத்துல விட்டு வச்சிருக்காங்க. பழைய பதிப்பு ஒண்ணு கையில வச்சுக்கணும். தஞ்சாவூர்ல பழைய புத்தகக் கடையில கிடைக்கும்.

வருகைப் பதிவையும் சொல்லிடறேன். பாடத்துக்கும் செய்முறைக்கும் தனித்தனியா 80 சதவீதம் இருந்தாத்தான் தேர்வு எழுத முடியும். கிளினிக்கல் நேரத்தைப் பட்டம் வாங்கறதுக்குள்ள 100 சதவீதம் ஈடுகட்டியாகணும். நீட்டுக்காக மார்ச், ஏப்ரல்ல லீவு போட்டா அதை மே, ஜூன்ல வார்டுல நின்னு திருப்பித் தரணும். நைட் டூட்டியும் அதுல சேரும்.

குடமுருட்டி

மேடம் உயிரியலைச் சொல்லிட்டாங்க. இடம் கிடைக்கிறதும் போறதும் இயற்பியல்ல இருக்கு.

180 கேள்வி, 720 மார்க், மூணு மணி நேரம். இயற்பியல் 45, வேதியியல் 45, உயிரியல் 90. சரிக்கு நாலு, தப்புக்கு ஒண்ணு கழியும். 2021 முதல் 2024 வரை இருந்த "பிரிவு ஆ-வுல சில கேள்வியை விட்டுக்கலாம்" சலுகை 2025-லேருந்து இல்லை, கூடுதலா கொடுத்த 20 நிமிஷமும் போச்சு. பழைய வினாத்தாளை வச்சுப் பயிற்சி எடுக்கிறவங்க 200 நிமிஷக் கணக்குல ஓட்டாதீங்க.

ஒரு கணக்கு. நர்சிங் மாணவி ஒருத்தர் உயிரியல்ல 80 சரி, 10 தப்பு: 310. வேதியியல்ல 30 சரி, 8 தப்பு, மீதி விட்டுட்டார்: 112. இயற்பியல்ல 20 சரி, 12 தப்பு: 68. மொத்தம் 490. உயிரியல்ல இதுக்கு மேல 30 மார்க் ஏத்தணும்னா ஏறக்குறைய எல்லாமே சரியா இருக்கணும். இயற்பியல்ல அந்த 12 தப்புல 6-ஐ தொடாம விட்டு, கூட 6 சரியாப் போட்டாலே 30 வந்துடும். உழைப்பை எங்க போடணும்னு இதுலயே தெரியும்.

நர்சிங்ல இயற்பியல் ஒரு பக்கம்கூட கிடையாது. அதனால ஒரு செமஸ்டர் போனாலே கை கட்டிப்போகும். புதுசா தொடங்கறவங்க புத்தக வரிசையில போகாதீங்க. அலகுகள், மின்னோட்டவியல், கதிர் ஒளியியல், இருமைப் பண்பு, அணு, அணுக்கரு, குறைகடத்தி, வெப்ப இயக்கவியல், வாயுக்களின் இயக்கவியற்கொள்கை. இதெல்லாம் சூத்திரத்தைச் சரியாப் பிடிச்சா விடை வந்துடுற பகுதி. இதை முடிச்சு மார்க் ஏறத் தொடங்கினதும் இயக்கவியலுக்கு வாங்க. சுழற்சி இயக்கத்துல முட்டிக்கிட்டு மூணு வாரம் போக்கறவங்கதான் பாதியில விட்டுட்டுப் போறாங்க.

தமிழ் வழியில படிச்ச பிள்ளைக்கு ஒரு சேதி. தமிழைத் தேர்ந்தெடுத்தா வினாத்தாள் தமிழ், ஆங்கிலம் ரெண்டுலயும் வரும். மொழிபெயர்ப்புல ஐயம் வந்தா ஆங்கிலந்தான் செல்லும். நர்சிங் ஆங்கிலத்துல நடக்கிறதால உயிரியல் சொற்கள் ஆங்கிலத்துல பழகியிருக்கும், இயற்பியல் சொற்கள் தமிழ்லயே நிக்கும். அதனால இருமொழித் தாளே நல்லது. ஆனா தமிழ்ல வாசிச்சுட்டு ஆங்கிலத்தை ஒரு ஓட்டம் ஓட்டற பழக்கத்தை வீட்டுலயே பழகிக்கணும், அதுக்கும் நேரம் ஆகும்.

நேரப் பங்கீடு: உயிரியல் 50 நிமிஷம், வேதியியல் 50, இயற்பியல் 60. மிச்சம் 20 நிமிஷம் விட்டதைப் பாக்க. விடைத்தாளை ஒவ்வொரு பாடம் முடிஞ்சதும் நிரப்பிடணும். கடைசியில மொத்தமா நிரப்பலாம்னு வச்சா ஒரு வட்டம் தள்ளிப்போய் மொத்தமும் சரியும்.

கொள்ளிடம்

குறுக்கே வர்றதுக்கு மன்னிக்கணும். யூடியூப்ல அமெரிக்காவுல நர்சிங்லேருந்து "ப்ரீ-மெட்" மாறினேன்னு நிறைய வீடியோ இருக்கே. அங்க நர்சிங் கிரெடிட் எடுத்துக்கறாங்கன்னு சொல்றாங்க. இங்க ஏன் இல்லை?

வெண்ணாறு

அங்க அமைப்பே வேற. அமெரிக்காவுல மருத்துவம்ங்கிறது நாலு வருஷப் பட்டம் முடிச்ச பிறகு சேர்ற படிப்பு. ப்ரீ-மெட்னு தனியா ஒரு பட்டம் கிடையாது. எந்தப் பட்டத்துல இருந்தாலும் உயிரியல், பொது வேதியியல், கரிம வேதியியல், இயற்பியல் எல்லாத்தையும் ஆய்வகத்தோட எடுத்து, எம்கேட் தேர்வு எழுதி விண்ணப்பிப்பாங்க. அதனால ஒரு காலேஜுக்குள்ளயே துறை மாறிக்கலாம். அங்கயும் நர்சிங்குக்குன்னு எளிமையாக்கின வேதியியல் தாளை நிறைய மருத்துவக் கல்லூரி ஏத்துக்கறதில்லை. இங்க எம்.பி.பி.எஸ். பிளஸ் டூவுக்கு அப்புறம் நேரடிப் படிப்பு. மாற நடுவுல பாலம் எதுவும் இல்லை. அந்த வீடியோவைப் பாத்து இங்க திட்டம் போடாதீங்க.

வெட்டாறு

எல்லாரும் எப்படி மாறலாம்னே பேசறீங்க. மாறவேண்டாம்னு சொல்ல ஒரு ஆள் வேணும்ல.

பி.எஸ்சி. நர்சிங் முடிச்சா 21, 22 வயசுல கையில பதிவு பெற்ற தொழில். எம்ஆர்பி (மாநில மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்) தேர்வு எழுதி அரசு ஆஸ்பத்திரி போகலாம், எய்ம்ஸ் நர்ஸ் வேலைக்கு நார்செட் தேர்வு எழுதலாம், எம்.எஸ்சி. போகலாம், வெளிநாட்டுக்கும் போகலாம். எம்.பி.பி.எஸ். நாலரை வருஷம், பயிற்சி ஒரு வருஷம். அதுக்கு அப்புறம் எம்.டி.க்கு ஒரு நுழைவுத்தேர்வு, இன்னொரு மூணு வருஷம். குறுவை, சம்பா ரெண்டும் ஒழுங்கா விளைஞ்சாலே இழுபறியா ஓடற வீட்டுல இத்தனை வருஷம் ஒரு பிள்ளை சம்பாத்தியம் இல்லாம இருக்கிறது சாதாரண விஷயமில்லை. வயசு வரம்பும் இல்லைன்னு நீங்களே சொல்றீங்க. டிகிரியை முடிச்சுட்டு ஒரு வருஷம் ஒதுக்கி எழுதட்டுமே, தோத்தாலும் கையில தொழில் இருக்கும்.

குடமுருட்டி

வெட்டாறு அண்ணன் சொல்றதுல பாதி சரி. ஆனா நாலு வருஷம் கழிச்சு இயற்பியலைத் தொடற பிள்ளை ஏறக்குறைய பதினொண்ணாம் வகுப்புலேருந்து திரும்பத் தொடங்கணும். முதல் வருஷத்துல எழுதற தேர்வுக்கும் நாலாம் வருஷத்துக்கு அப்புறம் எழுதறதுக்கும் பாடத்துல இருக்கிற தூரம் ரொம்பப் பெருசு. முடிச்சுட்டு எழுதலாம்னு வச்சா வாரத்துக்கு ரெண்டு தடவையாவது இயற்பியல் கணக்கைத் தொட்டுகிட்டே இருக்கணும், நாலு வருஷமும்.

வெண்ணாறு

முடிச்சுட்டுப் போறதுல இன்னொரு கணக்கும் இருக்கு, எஸ்சி, எஸ்டி பிள்ளைங்களுக்கு முக்கியம். மத்திய அரசோட போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை விதியில, ஒரு தொழிற்படிப்பை முடிச்சுட்டு இன்னொரு தொழிற்படிப்புக்குப் போறவங்களுக்குத் தகுதி உண்டா இல்லையான்னு தெளிவாக்கிக்கணும். நர்சிங் முடிச்சுட்டு எம்.பி.பி.எஸ். போனா அது மேல கேள்வி வரலாம். மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலகத்துல முன்கூட்டியே எழுத்துல கேட்டு வாங்கிக்கணும். அரிசிலாறு தம்பிக்கு இது பொருந்தாது, படிக்கிற மத்தவங்களுக்காகச் சொன்னேன்.

அரிசிலாறு

ரொம்ப நன்றி அண்ணே, மேடம். இன்னும் ரெண்டு கேள்வி. அரசுப் பள்ளிப் பிள்ளைங்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு கிடைக்குமா? ஆறுலேருந்து எட்டு வரைக்கும் எங்க ஊர்ல அரசு உதவி பெறும் பள்ளி, ஒன்பதுலேருந்து பிளஸ் டூ வரைக்கும் அரசுப் பள்ளி. அப்புறம், காலேஜை விட்டா முழுக் கோர்ஸ் பீஸும் கட்டினாத்தான் சர்ட்டிபிகேட்னு ஆபீஸ்ல வாய்மொழியா சொல்றாங்க.

வெண்ணாறு

7.5-க்கு ஆறாம் வகுப்புலேருந்து பன்னிரண்டு வரைக்கும் அரசுப் பள்ளியிலேயே படிச்சிருக்கணும். உதவி பெறும் பள்ளி அதுல சேராது. ஆர்டிஇ (கட்டாயக் கல்வி உரிமை) சட்டத்துல தனியார் பள்ளியில எட்டாவது வரைக்கும் இலவசமா படிச்சுட்டு, ஒன்பதுலேருந்து அரசுப் பள்ளிக்கு வந்தவங்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. உங்க தங்கச்சிக்கு இந்தக் கதவு மூடியிருக்கு. அதை நம்பிக் கணக்குப் போடாதீங்க. (ஏழு வருஷமும் அரசுப் பள்ளியில படிச்சவங்க யாராவது இதை வாசிச்சா: ஒண்ணு ரெண்டு வருஷம் விட்டுட்டு எழுதினாலும் அந்த உரிமை போகாது, கல்விக் கட்டணத்தையும் அரசே கட்டும். உங்க நிலைமை முழுக்க வேற, நர்சிங்கோட சேர்ந்து ஒரு தடவை எழுதிப் பாக்கறது உங்களுக்கு ரொம்பப் பயனுள்ளது.)

அப்ப தங்கச்சிக்கு இருக்கிறது மாநில ஒதுக்கீட்டுல பிசி இடமும், பொதுப் போட்டி இடமும். அரசுக் கல்லூரி இடத்துல 85 சதவீதம் மாநிலத்துக்கு, 15 சதவீதம் அகில இந்தியாவுக்கு. மாநிலத்துல 69 சதவீத இடஒதுக்கீடு, அதுல முஸ்லிம் உள்ஒதுக்கீடு தவிர்த்து பிசிக்கு 26.5. டெல்டாவுல தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினத்துல அரசு மருத்துவக் கல்லூரி இருக்கு. மயிலாடுதுறையில இல்லை. பக்கத்துல திருச்சி, அரியலூர், புதுக்கோட்டை. ஆனா ஊர் பாத்துத் தேர்ந்தெடுக்காதீங்க, முதல்ல இடம் கிடைக்கட்டும்.

"நீட் பாஸ் ஆயிட்டா போதும்"ங்கிற நினைப்பையும் விடணும். 2025-ல பொதுப்பிரிவுத் தகுதி மார்க் 144, ஓபிசி, எஸ்சி, எஸ்டிக்கு 113. அந்த மார்க்குல அரசுக் கல்லூரி இடம் கனவுலயும் வராது. வருஷத்துக்கு வருஷம் மார்க்கை ஒப்பிட்டும் பிரயோஜனம் இல்லை. 2024-ல முழு 720 வாங்கினவங்களே பல பேர், 2025-ல முதலிடம் 686. அதனால எப்பவும் மாநிலத் தரவரிசை எண்ணையும், போன வருஷம் பிசியில கடைசியா இடம் வாங்கின தரவரிசை எண்ணையும் மட்டும் வச்சுப் பாருங்க. தேர்வுக்குழு இணையதளத்துல ஒதுக்கீட்டுப் பட்டியல் வெளியாகும், இறக்கி வச்சுக்குங்க.

முடிகொண்டான்

சர்ட்டிபிகேட் விஷயத்துக்கு நான் வர்றேன். ஒரிஜினலைப் பிடிச்சு வைக்கக் கூடாதுன்னு யூஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) 2018 அக்டோபர்ல அறிவிக்கை போட்டிருக்கு. சேர்க்கையின்போது சரிபார்த்துட்டுத் திருப்பிக் கொடுத்துடணும், சுயசான்று நகல்தான் வச்சுக்கலாம். கல்விச் சான்றிதழ் விற்பனைப் பொருள் இல்லை, பாக்கிக்கு அடமானமா வச்சுக்க முடியாதுன்னு சென்னை உயர் நீதிமன்றமும் பல தடவை சொல்லியிருக்கு. ஆனா சட்டம் பேசி ஆபீஸ் வாசல்ல சத்தம் போட்டா காரியம் ஆகாது. காகிதத்துல போங்க.

கடிதம் மாணவி கையெழுத்து, பெற்றோர் கையெழுத்தோட முதல்வருக்கு. என்னென்ன ஒரிஜினல் கொடுத்தோம்னு ஒவ்வொண்ணா எழுதுங்க: பத்து, பிளஸ் ஒன், பிளஸ் டூ மதிப்பெண் பட்டியல், பள்ளி மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ். சேர்ந்தப்ப கொடுத்த ரசீது இருந்தா அதோட நகல். பதிவுத் தபால்ல ஒப்புகை அட்டையோட அனுப்புங்க. "வாய்மொழியா" முழுப் பீஸ் கேட்டா, "எந்த விதிப்படி, எவ்வளவு, எழுத்துல கொடுங்க"ன்னு அதே கடிதத்துல ஒரு வரி சேருங்க. பெரும்பாலான இடத்துல எழுத்துல தர மாட்டாங்க, பேச்சு இறங்கி வரும். அப்பவும் மசியலைன்னா எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகப் பதிவாளருக்கு நகல், அப்புறம் மாவட்ட இலவச சட்ட உதவி மையம்.

கட்டின பணம் திரும்பி வர்றதைப் பொறுத்தவரை, அதே அறிவிக்கையில சேர்க்கைக் கடைசித் தேதிக்கு 15 நாளோ அதுக்கு மேலயோ முன்னாடி விலகினா முழுசும், அதுக்கு அப்புறம் 90, 80, 50-ன்னு படிப்படியா இறங்கி, கடைசித் தேதி தாண்டி 30 நாள் ஆனா ஒண்ணும் கிடையாது. இரண்டாம் செமஸ்டர்ல இருக்கிற பிள்ளைக்கு முதல் வருஷப் பணம் போனது போனதுதான். அதுக்காக அடுத்த வருஷப் பணத்தையும் சேர்த்துக் கொடுத்துடாதீங்க.

கல்விக்கடன் வாங்கியிருக்கீங்களா? அது படிப்புக் காலமும் அதுக்கு மேல ஒரு வருஷமும் தவணை இல்லாம இருக்கிற கடன். பாதியில நின்னா அந்தச் சலுகையும் நிக்கும். வங்கிக்குச் சொல்லாம விட்டா வட்டி ஏறும், வராக்கடன்ல போகும், நாளைக்கு எம்.பி.பி.எஸ்.ஸுக்குக் கடன் கேட்டு அதே கிளைக்குப் போனா அந்தப் பக்கம் திறந்து காட்டுவாங்க. விலகற அன்னிக்கே கிளை மேலாளருக்குக் கடிதம் கொடுத்து, வட்டியை மட்டுமாவது மாசாமாசம் கட்ட ஏற்பாடு பண்ணுங்க.

அரிசிலாறு

கடன் இருக்கு அண்ணே, நாலு லட்சத்துக்குள்ள. அப்ப விலகறதா, இருக்கிறதா? ஒரு வார்த்தையில சொல்லுங்களேன்.

கோரையாறு

இந்த மே தேர்வு வரைக்கும் விலக வேண்டாம். முதல் செமஸ்டர் தாளெல்லாம் பாஸ் ஆகியிருந்தா இப்ப விலகறதுல லாபமே இல்லை. காலையில வார்டு, மதியம் வகுப்பு, ராத்திரி ரெண்டரை மணி நேரம். அந்த ரெண்டரை மணியும் இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் மட்டும். உயிரியலை பஸ்ல போறப்ப, ஞாயித்துக்கிழமை. மார்ச்லேருந்து வாரம் ஒரு முழுத் தேர்வு, மதியம் ரெண்டு முதல் அஞ்சு வரை, உண்மையான நேரத்துலயே. அந்த மார்க்கைப் பாத்து முடிவெடுங்க. இயற்பியல் 45-ல 20-க்கு மேல சரியா வரலைன்னா ஒரு வருஷம் முழுசா ஒதுக்கினாத்தான் உண்டு. 30 தொட்டா நிலைமை வேற.

வெட்டாறு

இதை நான் ஒத்துக்கறேன். மார்க் பாத்து முடிவெடுங்க, ஆசையைப் பாத்து இல்ல.

வெண்ணாறு

மே தேர்வுக்கு அப்புறம் வர்ற சிக்கலை இப்பவே சொல்லிடறேன், ஏன்னா அங்கதான் பணம் போகுது. முடிவு ஜூன்ல வரும். மாநிலத் தரவரிசை ஜூலை வாக்குல. கவுன்சலிங் சுத்து ஒண்ணொண்ணா செப்டம்பர், அக்டோபர் வரைக்கும் இழுக்கும். நர்சிங் காலேஜ் ரெண்டாம் வருஷப் பணத்தை அதுக்கு முன்னாடியே கேட்கும். தரவரிசை தெளிவா இடம் கிடைக்கிற எல்லைக்குள்ள இருந்தா பணம் கட்டறதைத் தள்ளிப் போடுங்க, தவணை கேளுங்க. தெளிவா எல்லைக்கு வெளிய இருந்தா கட்டிட்டு ரெண்டாம் வருஷத்தைத் தொடருங்க. நடுவுல தொங்கற தரவரிசைதான் கஷ்டம். அப்ப ஒரு செமஸ்டர் பணம் மட்டும் கட்டறது நியாயமான விலை.

ஒரு வருஷம் முழுசா ஒதுக்கறதுன்னு முடிவானா, விலகறதுக்கு முன்னாடி பல்கலைக்கழகத்துல "பிரேக் ஆஃப் ஸ்டடி"க்கு (படிப்புல இடைவெளி எடுக்கிறதுக்கு) என்ன நடைமுறைன்னு காலேஜ்ல எழுதிக் கேளுங்க. நர்சிங் பட்டத்தைச் சேர்ந்ததுலேருந்து எட்டு வருஷத்துக்குள்ள முடிக்கலாம். இடைவெளிக்கு அப்புறம் பல்கலைக்கழக அனுமதி வாங்கித் திரும்பச் சேர்ற வழி திறந்திருந்தா, மாற்றுச் சான்றிதழ் வாங்காம இருக்கிறது நல்லது. எம்.பி.பி.எஸ். இடம் கிடைச்சப்புறம் வாங்கிக்கலாம்.

கொள்ளிடம்

நீட் ரத்து ஆயிடும், பிளஸ் டூ மார்க்லயே சேரலாம், அது வரைக்கும் நர்சிங்லயே இருக்கட்டும்னு எங்க வீட்டுல சொல்றாங்க. அப்படி நடக்குமா?

வெண்ணாறு

2016 வரைக்கும் பிளஸ் டூ மார்க்லதான் சேர்த்தாங்க. 2021-ல சட்டமன்றம் போட்ட விலக்கு மசோதாவுக்குக் குடியரசுத் தலைவர் ஒப்புதல் கிடைக்கலைன்னு 2025 ஏப்ரல்ல முதலமைச்சரே அவையில அறிவிச்சார். மேட்டூர் எப்ப திறப்பாங்கன்னு தெரியாம நாத்து விடற மாதிரி ஆயிடும். எழுதறதா இருந்தா நீட்டுக்குப் படிங்க.

கோரையாறு

இன்னொரு வகைப் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. பிளஸ் டூவுல தொழிற்பாட நர்சிங் குரூப் எடுத்து, அங்கேருந்து ஜிஎன்எம் (நர்சிங் டிப்ளமோ) போனவங்க இதே கேள்வியைக் கேக்கறாங்க. இயற்பியலும் வேதியியலும் பிளஸ் டூ அளவுல பாஸ் ஆகாம எம்.பி.பி.எஸ்.ஸுக்குத் தகுதியே இல்லை. 2023 நவம்பர்ல தேசிய மருத்துவ ஆணையம், பிளஸ் டூ முடிச்ச பிறகு இந்தப் பாடங்களைக் கூடுதல் பாடமா எழுதிப் பாஸ் ஆனவங்களையும் ஏத்துக்கலாம்னு அறிவிச்சது. தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியா எழுதலாம். ஆனா அடிப்படையே இல்லாம இயற்பியலை அப்பத்தான் தொடங்கறோம்னு புரிஞ்சுகிட்டு இறங்கணும்.

முடிகொண்டான்

வெளிநாட்டு ஏஜெண்ட் போஸ்டர் கும்பகோணம் பஸ் ஸ்டாண்டு பூரா ஒட்டியிருக்கு. "நர்சிங் படிச்சிருந்தா சலுகை"ன்னு ஒருத்தன் போட்டிருக்கான். 2021 விதிப்படி வெளிநாட்டு மருத்துவப் படிப்பு குறைஞ்சது 54 மாசம், ஆங்கில வழியில, அதே நாட்டுல 12 மாசப் பயிற்சி, எல்லாம் ஒரே கல்லூரியில. அங்க போறதுக்கும் நீட் தகுதி மார்க் வேணும், மூணு வருஷம் செல்லும். திரும்பி வந்து இங்க தகுதித் தேர்வும் எழுதணும். நர்சிங்குக்கு எந்தத் தள்ளுபடியும் இல்லை.

அரிசிலாறு

தெளிவா இருக்கு. மே வரைக்கும் காலேஜ்லயே இருந்து எழுதறதுன்னு வீட்டுல பேசிட்டோம். கடைசியா ஒண்ணு: சாதிச் சான்றிதழ் பிசின்னு ஏற்கனவே அட்டை இருக்கு. விண்ணப்பத்துல ஓபிசின்னு போட அதுவே போதுமா?

வெண்ணாறு

போதாது. மாநில கவுன்சலிங்குக்கு அந்த பிசி அட்டை நிரந்தரமா செல்லும். அகில இந்திய ஒதுக்கீட்டுக்கு மத்திய அரசு வடிவத்துல ஓபிசி, கிரீமி லேயர் (ஓபிசியில வசதியான பிரிவு) இல்லைங்கிற சான்றிதழ் தனியா வேணும், அதுக்கு நிதியாண்டு கணக்கு உண்டு. உங்க சாதி மத்தியப் பட்டியல்லயும் இருக்கான்னு முதல்ல பாருங்க, மாநிலத்துல பிசியா இருந்து மத்தியப் பட்டியல்ல இல்லாத சாதிகளும் உண்டு. இருந்தா இ-சேவை மையத்துல விண்ணப்பிச்சு, தாசில்தார் அலுவலகத்துல பின்தொடருங்க. அப்பா நிலப் பத்திரம், வருமான விவரம் கேப்பாங்க. விவசாய வருமானமும் சம்பளமும் கிரீமி லேயர் வருமானக் கணக்குல சேராது, அதை விஏஓ கிட்ட எடுத்துச் சொல்ல வேண்டி வரலாம். ஏப்ரல் பொறந்ததும் புது நிதியாண்டுச் சான்றிதழுக்குப் போட்டுடுங்க, ஜூலையில எல்லாரும் ஒரே நேரத்துல வந்து நிப்பாங்க.